உள்ளங்கைக்குள் ஓர் இமை

மூன்று கத்திகள். ஒரே உருக்கு, ஒரே நீளம், ஒரே வளைவு. மேலே போட்டிருக்கும் பூச்சில்தான் வித்தியாசம். தங்கவேலு அவற்றைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் பச்சைத் துணி விரித்து வரிசையாக வைத்து, "நிதானமாப் பாருங்க பாய், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். சொன்ன கையோடு அவசரத்தையும் சொல்லிவிட்டார். பூச்சு வேலை பார்க்கிற முனியாண்டி மத்தியானம் சாமி கும்பிட ஊருக்குப் போகிறான், திரும்பி வர எட்டு நாளாகும், பக்ரீத்துக்கு இருப்பதோ ஒன்பதே நாள். அமானுல்லாவின் கைக்கு அளவு பார்த்து அடித்த கத்தி உள்ளே பட்டறையில் பூச்சு இல்லாமல் மொட்டையாகக் கிடக்கிறது. முகம் பார்க்கிற மாதிரிப் பளபளவென்று வேண்டுமா, பளபளப்பைக் கொன்று மங்கலாக வேண்டுமா, தோசைக்கல் மாதிரிக் கருப்பாக வேண்டுமா, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அய்யம்பேட்டையில் முப்பத்தைந்து வருஷமாகக் கறிக்கடை வைத்திருக்கிற மனுஷர், தெருமுனையில் வருகிற ஆட்டைப் பார்த்தே எத்தனை கிலோ கறி விழும் என்று சொல்லக்கூடியவர், திருச்சிக்கு வந்து இந்த மர ஸ்டூலில் முக்கால் மணி நேரமாக மூன்றில் ஒன்றைச் சொல்ல முடியாமல் முழிக்கிறார் என்று தெரிந்தால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மடியில் ஆஸ்பத்திரிக் கவர் இருக்கிறது. அதற்குள் அக்கா சுலைஹாவின் வயிறு இருக்கிறது, கொஞ்சம் படமாகவும் மிச்சம் இங்கிலீஷாகவும். டாக்டர் நல்லவர், பொறுமையாகத் தமிழிலேயே சொன்னார். சொல்லி முடித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுறீங்களா, இல்ல, சொல்ல வேணாமா?" என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு டாக்டர், வேறொரு அறையில், இவர் மனைவி மைமூனைப் பற்றி இதையேதான் கேட்டார். அப்போது பதில் சொல்ல அமானுல்லாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்று, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டார். வந்த இடத்திலும் ஒரு கேள்வி, அதுவும் மூன்று கத்தியாகப் படுத்திருக்கிறது.

பளபளப்பானதைக் கையில் எடுத்தார். மேலே சுற்றுகிற மின்விசிறி அதிலும் சுற்றியது. கொஞ்சம் சாய்த்தால் தாடி, இன்னும் சாய்த்தால் ஒரு கண். நல்ல பூச்சுதான், குறை சொல்ல முடியாது. தண்ணீரைக் காட்டி ஒரு வழி வழித்தால் கொழுப்பு போய்விடும், துரு ஊசிமுனை அளவு பிடிக்கும்போதே கண்ணில் படும். ஆனால் வெயில் பட்டால்? போன வருஷம் பட்டபாடு போதாதா? பழைய கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தபோது சாணைக்காரர் பெருநாள் ஆயிற்றே என்று அன்பு மிகுதியில் கத்தி உடம்பு முழுக்கப் பாலிஷ் போட்டுத் தந்துவிட்டார். ஹாஜியார் வீட்டுக் கொல்லையில், தொழுகை முடிந்து வந்து, வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் மறைத்துத்தான் பிடித்திருந்தார். பிடித்து என்ன? வெயில் அதன்மேல் விழுந்து, ஒரு துண்டு வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஏறி, சுண்ணாம்பில் ஓடி, கிடாவின் முகத்தில் வந்து நின்றது. கிடா திரும்பிப் பார்த்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கிணற்றுக் கட்டையில் மோதி முழங்காலைப் பேர்த்துக்கொண்டு கத்திய கத்தல், தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அன்று அவருக்குக் கூசிப்போய்விட்டது. அறுக்கப்போகிற பிராணிக்குக் கத்தியைக் காட்டக்கூடாது, அதன் முன்னால் தீட்டக்கூடாது, ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது. மார்க்கம் சொல்கிற இரக்கம் அது, அமானுல்லா அதில் அதுவரை ஒரு நாளும் பிசகியதில்லை. பக்குவமாகச் சாய்த்து, தொழுகிற திசைக்கு, கிப்லா பக்கம் திருப்பி, இடது உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவார். பொத்தியதும் ஆடு அடங்கிவிடும். இருட்டிவிட்டது, இனித் தூங்கலாம் என்று நினைத்துக்கொள்ளுமோ என்னவோ. இமை மட்டும் உள்ளங்கைக்குள் இரண்டு தடவை அடிக்கும். அந்த இமை. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று கத்தியைத் துணிமேல் வைத்தார். வைத்த பிறகும் இமை கைக்குள்ளேயே இருந்தது. மைமூனுக்கு நீள நீளமான இமை முடி. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிக் கேலி செய்வார், உன் கண்ணுக்குத் தனியாகச் சீப்பு வாங்கித் தரட்டுமா என்று. அந்த ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி, மத்தியான வெயில் திரைத்துணி வழியாக மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்த நேரம், அவள் உருண்டையெல்லாம் கரைந்து எலும்பாகிவிட்ட முகத்தைத் திருப்பி, "ஏங்க, எனக்கு என்னங்க? நெசத்தச் சொல்லுங்க" என்று கேட்டாள். "வயித்துல புண்ணும்மா. ஆறிடும். தூங்கு" என்று எப்போதும் சொல்வதையே அன்றைக்கும் சொன்னார். சொல்லிக்கொண்டே அவள் கண்ணைப் பொத்தினார். இடது கையால். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று, முப்பத்து மூன்று வருஷம் பழகிய வேலை. இமை இரண்டு தடவை அடித்தது, பிறகு அடங்கியது. அதற்குப்பின் அவள் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மவுத்தாகிவிட்டாள்.

அடுத்தது மங்கலானது. மணலை வீசி அடித்து ஒளியை எடுத்துவிடுவார்களாம், தங்கவேலு சொன்னார். தொட்டால் நகத்தடியில் சொரசொரவென்று ஒட்டியது. இதில் வெயில் ஓடாது, ஆனால் அந்தச் சொரசொரப்புக்குள் கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை தேய்த்தாலும் ஒரு வாடை நிற்கும். பாதி மறைக்கும், பாதி காட்டும். சுலைஹா லாத்தாவிடமும் பாதி சொன்னால் என்ன? கட்டி என்று சொல்லிவிட்டு என்ன கட்டி என்று சொல்லாமல் விட்டால்? ஆபரேஷன் வேண்டாமாம், மாத்திரையே போதுமாம் என்றால்? அதுவும் ஒரு வகையில் உண்மைதானே, ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்றுதானே டாக்டரும் சொன்னார். எவ்வளவு அழகாக வருகிறது பார், பொய் இவ்வளவு லேசாக நாக்குக்கு வருகிறது என்று தன்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. மைமூனுக்குச் சொன்னதும் இப்படித்தான் வந்தது. புண்ணு என்று ஆரம்பித்து, அதற்கு ஒரு பத்தியம் வைத்து, காரம் சேர்க்காதே என்று அதட்டி, மோர் சாதம் பிசைந்து கொடுத்து, ஒரு முழு நோயையே கட்டி எழுப்பினார். அவளும் நம்பினாள். நம்பினாளா? காரமில்லாத குழம்பை முகம் சுளிக்காமல் தின்றாள். அடுத்த நோன்புக்கு என்று ஊதா நிறத்தில் ஒரு சேலை எடுத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டக் கொடுத்தாள். சாகப்போவதாகத் தெரிந்தவள் குஞ்சம் கட்டக் கொடுப்பாளா? தெரியாமல்தான் போனாள், நிம்மதியாகத்தான் போனாள், நல்லதுக்குத்தானே செய்தேன், ஆட்டுக்குக் காட்டுகிற இரக்கத்தைக் கட்டின மனைவிக்குக் காட்டக்கூடாதா? இந்த இடம் வரைக்கும் மனசு ஒழுங்காக ஓடிவரும். இதைத் தாண்டியதும் சுவர் வரும். நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் சுலைஹா வீடு, இந்தப் பக்கம் இவர்கள் வீடு, ஏழு வருஷமாக நாத்தனாரும் மச்சியும் பேச்சு இல்லை. காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. சுலைஹா மகன் கல்யாணத்தில் மைமூனின் தங்கச்சியைச் சஹனில் உட்காரவைக்காமல், நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற ஒரு தட்டில் அவளுக்கு ஓர் இடம் போடாமல், மூன்றாம் பந்தி வரை நிற்க வைத்துவிட்டார்களாம். வேண்டுமென்று செய்யவில்லை, கல்யாணக் கூட்டத்தில் ஆள் தெரியவில்லை. அதற்கு ஏழு வருஷம். ஆனாலும் சுலைஹா வட்டிலப்பம் செய்தால் ஒரு கிண்ணம் இவர் கையில் வரும், "உனக்குத்தான், வேற யாருக்கும் இல்ல" என்று. மைமூன் அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மறுவாரம் இங்கிருந்து இறால் பொரியல் போகும், அதுவும் யாருக்கும் இல்லாமல். பேசிவிடுவார்கள், இன்றைக்கோ நாளைக்கோ பேசிவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நாளைக்கு என்று ஒன்று இல்லை என்பது அந்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும்முன் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொருந்திக்கோங்க என்று, பகைத்தவன் வீட்டு வாசலிலும் நின்று கேட்பார்கள். பொருந்திக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை வாங்கினால்தான் கால் நகரும். திரும்பி வரக்கூடிய பயணத்துக்கே அவ்வளவு ஏற்பாடு. மைமூனை அவர் எந்த ஏற்பாடும் இல்லாமல் அனுப்பிவிட்டார். அவள் ரோஷக்காரிதான், ஆனால் கல்நெஞ்சுக்காரி இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே நைட்டிமேல் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, ஊசி குத்தின கையோடு, அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றிருப்பாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், தெரிவதுதான் வேதனை. மைமூனின் மையித்தைக் குளிப்பாட்டச் சுலைஹாவே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாள். என்னென்ன பேசினாளோ, அந்தப் பக்கமிருந்து பதில் வராத பேச்சு. வெளியே வந்தபோது புடவையெல்லாம் ஈரம், கற்பூர வாசம். அமானுல்லாவின் முன்னால் நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள். அவ்வளவுதான், அதற்குப்பின் இரண்டு வருஷத்தில் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. மூன்று வேளையும் அவருக்குச் சோறு அவள் அடுப்பிலிருந்துதான் வருகிறது. மீன் முள்ளை எடுத்து வைப்பாள், சட்டையில் பொத்தான் தைப்பாள், குறையே சொல்ல முடியாது. ஆனால் தட்டை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், தட்டைப் பார்ப்பாள். அவருக்கு அது தெரியும். போன நோன்பில் அவளால் நோன்பு வைக்க முடியவில்லை, வயிறு எரிகிறது என்றாள், இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. அப்போதே அவருக்கு மைமூனின் மோர் சாதம் ஞாபகம் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? ரத்தக்கொதிப்பு உள்ள உடம்பு, கேட்ட இடத்திலேயே விழுந்துவிட்டால்? சாப்பிடுகிற இரண்டு கவளத்தையும் விட்டுவிட்டால்? அவள் மகன் மஸ்கட்டிலிருந்து வந்து, மாமா, ஏன் மாமா சொன்னீங்க என்று கேட்டால்? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒரு கிண்ணமும் வராத வீட்டில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பெண்களின் இமையையும் கையில் வைத்துக்கொண்டு, மிச்ச நாளை ஓட்ட வேண்டும். மறுமையில் மைமூன் கேட்பாள். பக்கத்தில் சுலைஹாவும் நின்று கேட்பாள். அங்கேயாவது அவர்கள் ஒன்றாக நிற்பார்களே என்று நினைத்தார். சிரிப்புதான் வர வேண்டும், வரவில்லை.

"என்ன பாய், இன்னுமா?" தங்கவேலு டீயோடு வந்து நின்றார். "நான் சொல்லட்டுங்களா? உங்க வேலைக்குக் கருப்புதான். வெயில்ல வச்சாலும் மினுங்காது, ஆடு பாத்தாலும் ஏதோ குச்சின்னு நெனச்சுக்கும்." அமானுல்லா கருப்பை எடுத்துப் பார்த்தார். மின்விசிறி இல்லை, தாடி இல்லை, ஒன்றும் இல்லை. பார்ப்பவனைத் திருப்பிப் பார்க்காத கத்தி. அவருக்கு அதைப் பிடித்திருந்தது, பிடித்திருப்பது பயமாகவும் இருந்தது. "கருப்புல ஓரம் தெரியாதே தங்கவேலு. சின்னதா ஒடஞ்சிருந்தாலும் கண்ணுக்குச் சிக்காது. ஒடஞ்ச கத்திய வச்சா ஆட்டுக்குத்தான் அவஸ்த. எனக்கும் வயசு அறுபத்தொண்ணு ஆச்சு." தங்கவேலு சிரித்தார். "ஓரத்துக்கு ஏது பாய் கருப்பு? இங்க பாருங்க." கத்தியை வாங்கி, பக்கத்தில் கிடந்த தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து நீட்டினார். கருப்பு உடம்பின் ஓரமாக, வரைந்துவிட்ட மாதிரி, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. "எந்தப் பூச்சு போட்டாலும் சரி, வெட்டுற எடம் தீட்டுன ஒடனே வெளுத்துரும். உடம்ப மறைக்கலாம், அத மறைக்கவே முடியாது. மறைச்சா வெட்டாது." அவர் வியாபாரத்துக்காகச் சொன்னார். அமானுல்லா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷத்துக் கிடாவுக்கு வெளிச்சம் பட்டுத்தான் தெரிந்ததா? அதற்கு முன்னால், கொல்லைக்குள் இழுத்து வரும்போதே அது காலை ஊன்றிக்கொண்டு நின்றதே. வாடை தெரிந்திருக்கும். மைமூனுக்கும் வாடை தெரிந்துதான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவள், இவர் பொய் சொன்னால் இடது காது சிவக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மட்டும் காதைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? கேட்டாளே. நெசத்தச் சொல்லுங்க என்று வாய்விட்டுக் கேட்டாளே. ஆடு கேட்டதில்லை, ஒரு தடவையும் எந்த ஆடும் கேட்டதில்லை. கேட்டவளின் கண்ணை மூடியது இந்தக் கை. இந்த வயசிலும் இது தெரியாமலா போயிற்று என்று நெஞ்சு கொதித்தது, டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. "கருப்பே போடச் சொல்லுங்க" என்றார். "முடிவா?" "முடிவு. ஆட்டுக்கு அதுதான் சரி." தங்கவேலு உள்ளே பார்த்து முனியாண்டிக்குக் குரல் கொடுத்தார். அமானுல்லா கவரை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போய் நேரில் சொல்வதுதான் முறை. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதற்குள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்ளலாம். யோசிப்பார், நன்றாகவே யோசிப்பார், செங்கிப்பட்டி தாண்டுவதற்குள் பத்தியத்தோடு ஒரு புண்ணைத் தயார் செய்துவிடுவார். தயார் செய்யாவிட்டாலும், எதிரில் போய் உட்கார்ந்து, அவள் முகம் லேசாகக் கோணியதுமே இந்த இடது கை சும்மா இருக்காது. கை எட்டாத தூரத்திலிருந்தே சொல்லிவிட வேண்டும். ஒரு லாரி காய்கறி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள், வெயில் உச்சியில் அடித்தது. போனை எடுத்து நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்; பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அமானு? டாக்டரப் பாத்தியா? என்ன சொன்னாரு?" நாக்குக்குப் புண்ணு என்கிற வார்த்தைதான் முதலில் வந்தது, அவர் அதை விழுங்கினார். "லாத்தா, நல்ல சேதி இல்ல லாத்தா. மைமூனுக்கு வந்ததுதான்." சொல்லிவிட்டார். காதில் இரைச்சல். அந்தப் பக்கம் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. விழவில்லை, சட்டியை இறக்கி வைக்கிறாள். "எத்தன நாளு சொன்னாரு?" "ஆறு மாசம். மருந்து ஏத்துனா கொஞ்சம் கூட." "அப்ப இந்தப் பெருநாளு இருக்கு." "இருக்கு லாத்தா." அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா என்று தெரியவில்லை, குரல் வந்தபோது ஈரமாகத்தான் வந்தது. "அமானு, ஒண்ணு சொல்லணும், கேளு. மைமூன என்கிட்டப் பேசவிடாமப் பண்ணிட்டியேன்னு இந்த ரெண்டு வருசமா உன்ன நான் பொருந்தல. சோறு போட்டேன், ஆனா பொருந்தல. ஒவ்வொரு தொழுகையிலயும் பொருந்திரணும்னு நெனப்பேன், மனசு வராது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா எங்கிட்டயும் நீ மறைச்சிருவியோன்னுதான் இருந்தேன்." "லாத்தா..." "இப்பப் பொருந்திக்கிட்டேன். முழுசாப் பொருந்திக்கிட்டேன். நீயும் என்னப் பொருந்திக்க." "பொருந்திக்கிட்டேன் லாத்தா." "மைமூன் தங்கச்சி நம்பரு இருக்கா? அவகிட்டயும் கேக்கணும். சாயங்காலம் போட்டுக் குடு. வெயில்ல நிக்காத, சாப்பிடாம வந்துரு, மீன் வாங்கியிருக்கேன்." போனை வைத்துவிட்டாள்.

லாரிக்காரர் ஓரம் போகச் சொல்லி ஹாரன் அடித்தார். அமானுல்லா நகர்ந்து, மறுபடி கடைக்குள் வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே முனியாண்டியின் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. பச்சைத் துணிமேல் மூன்று கத்திகளும் அப்படியே கிடந்தன. கண்ணில் தண்ணீர் நின்றதில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரிந்தன, எது பளபளப்பு, எது கருப்பு என்று பிரிக்க முடியவில்லை. தங்கவேலு தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு ரசீது எழுதப் போனார். மைமூன், மைமூன் என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவளிடமிருந்து வாங்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை வாங்க முடியாமலே இருக்கிறது. இடது உள்ளங்கையைத் தூக்கித் தன் கண்ணைப் பொத்திக்கொண்டார். உள்ளே ஈர இமை அடித்தது, மறுபடி அடித்தது, அடங்கவில்லை.